மணலும் சுவரும் தாளும்: சேது நாட்டில் ஒரு வரைவேட்டைத் தேடி

தமிழில் 'எழுதுதல்' என்னும் வினை நெடுங்காலம் இரண்டு தொழில்களுக்குப் பொதுவாக இருந்தது. எழுத்தையும் எழுதினார்கள், ஓவியத்தையும் எழுதினார்கள். கண்ணுக்கு மை எழுதினார்கள். தோளில் தொய்யில் எழுதினார்கள். திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைப் பரிபாடல் 'எழுத்துநிலை மண்டபம்' என்றே குறிக்கிறது. எழுதுகோலும் தூரிகையும் ஒரே கையின் இரு கருவிகள் என்று கருதிய சமூகம் நம்முடையது.

அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. ஓவியம் பயில்வோர் இன்று 'ஸ்கெட்ச் புக்' என்று கையில் வைத்திருக்கும் வரைவேடு நம்மிடம் இருந்ததா? ஒருவர் தமக்காக மட்டும் வைத்துக்கொண்டு, கண்டதைக் கிறுக்கி, பிழைத்து, அடித்து, மறுபடி வரைந்து பார்க்கும் ஏடு அது. அது ஐரோப்பியர் கப்பலில் வந்திறங்கிய பழக்கம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. இராமநாதபுரம், இராமேசுவரம் கரையை முன்வைத்து அக்கேள்வியைச் சற்றுப் பொறுமையாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முடியாத ஓவியம்

முதலில் இலக்கியச் சான்று. நெடுநல்வாடை, தலைவனைப் பிரிந்து அணிகளைக் களைந்திருக்கும் அரசியைப் 'புனையா ஓவிய'த்துக்கு ஒப்பிடுகிறது. வண்ணம் தீட்டாத, கோட்டளவில் நிற்கும் ஓவியம் என்பது அதன் பொருள். மணிமேகலையிலும் இத்தொடர் வருகிறது. உவமையின் இலக்கணம் நாம் அறிந்ததே. கேட்பவருக்குத் தெரிந்த பொருளைக் கொண்டுதான் தெரியாததை விளக்க முடியும். ஆகவே, முடிக்கப்படாத கோட்டோவியம் அன்றைய வாசகர் கண்ணுக்குப் பழகிய காட்சியாகவே இருந்திருக்க வேண்டும். வரைவின் நடுநிலை, அதாவது இன்னும் முடியாமல் நிற்கும் நிலை, தனக்கென ஓர் அழகுடையது என்பதையும் அந்தப் புலவர் அறிந்திருந்தார்.

இன்னொரு சான்று அகப்பொருள் மரபில் இருக்கிறது. மடலேறத் துணிந்த தலைவன் தலைவியின் உருவத்தைத் துணியில் எழுதி ஏந்தி வரவேண்டும். அத்துணிக்குக் 'கிழி' என்று பெயர். எழுதுபவன் தொழில்முறை ஓவியன் அல்லன். காதல் கொண்ட ஒரு தனி மனிதன். அவனைத் தடுக்க வரும் தோழியின் வாதம் சுவையானது. அவள் உறுப்புகளை உன்னால் எழுத இயலுமா என்று கேட்கிறாள். 'அவயவத்து அருமை சாற்றல்' என்று இதற்கொரு துறையே வகுத்திருக்கிறார் நாற்கவிராச நம்பி. ஒன்றை நேசிப்பதற்கும் அதை வரையத் தெரிவதற்கும் இடையிலுள்ள தூரத்தை இலக்கணமே பேசுகிறது. தாளில் ஒரு முகத்தை வரைய முயன்று தோற்ற எவருக்கும் அந்தத் தோழியின் கேள்வி புரியும்.

இலக்கியம் சொல்வதை மண்ணும் ஓரளவு உறுதிசெய்கிறது. வைகை கடலோடு கலக்கும் பகுதியில் உள்ள அழகன்குளத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1986-87 தொடங்கி 2016-17 வரை பல பருவங்களில் அகழாய்வு நடத்தியது. உரோமானியக் காசுகள், மதுச்சாடித் துண்டுகள், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் ஆகியவற்றோடு ஓர் ஓட்டில் கீறப்பட்ட கப்பல் உருவமும் கிடைத்தது. உரோமானிய வகைப் பெருங்கப்பல் என்று அறிஞர்கள் அதை அடையாளம் கண்டனர்.

அந்த ஓட்டை நாம் வணிக வரலாற்றின் சான்றாகவே படித்து வந்திருக்கிறோம். ஓவிய வரலாற்றின் சான்றாகவும் அதைப் படிக்கலாம். கோயிலுக்கோ அரசனுக்கோ எழுதிய ஓவியமன்று அது. துறையில் கண்ட ஒன்றைக் கைக்கெட்டிய பொருளில், கூர்மையான ஏதோ ஒன்றால் ஒருவர் கீறிப் பார்த்திருக்கிறார். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில், அரசர் கல்லறைகளைத் தீட்டிய கைவினைஞர்கள் தெய்ர் எல் மதீனா என்னும் சிற்றூரில் வாழ்ந்தார்கள். அவர்கள் சுண்ணக்கல் சில்லுகளிலும் ஓட்டுத் துண்டுகளிலும் விரைவுச் சித்திரங்கள் வரைந்து பழகினார்கள். அவை இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. உடைந்த பானை ஓடு ஏழையின் தாள். அழகன்குளத்து ஓட்டை நம் கடற்கரை வரைவேட்டின் எஞ்சிய ஒரு பக்கமாகக் கொள்வதில் தவறில்லை.

மணலும் ஓலையும்

ஓட்டைவிட மலிவான பொருள் ஒன்று இக்கரையில் உண்டு. அது மணல். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் விரலால் மணலில் எழுதியே எழுத்துப் பழகினார்கள். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இம்முறையைக் கண்டு தம் பள்ளியில் கையாண்டார். 1797இல் இலண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் பரவியது. தாள் விலை உயர்ந்திருந்த காலத்தில், அழித்து அழித்து எழுத மணலைவிட நல்ல பொருள் அவர்களுக்கும் கிட்டவில்லை.

மணலின் சிறப்பு, அது பிழையை நினைவில் வைப்பதில்லை என்பது. அதன் குறையும் அதுவே. சரியானதையும் அது நினைவில் வைப்பதில்லை.

இவ்விடத்தில் இராமேசுவரத்துத் தலவரலாற்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கயிலையிலிருந்து இலிங்கம் கொண்டுவர அனுமன் செல்கிறான், குறித்த பொழுது நெருங்குகிறது, அனுமன் வரவில்லை. சீதை கரையில் கிடந்த மணலைப் பிடித்து இலிங்கம் செய்கிறாள். பின்னர் வந்து சேர்ந்த அனுமன் அதைப் பெயர்க்க முயன்றும் அது அசையவில்லை. பொழுதுக்கு உதவக் கையில் கிடைத்ததைக் கொண்டு செய்த உருவம் மூலவராகிறது. தொலைவிலிருந்து முறைப்படி வந்தது அடுத்த இடத்தைப் பெறுகிறது. பக்தர்க்கு இது இறைவன் திருவிளையாடல். ஓவியம் பயில்வோர்க்கு இதில் இன்னொரு பொருளும் உண்டு. முறையான பொருள் வந்து சேரும்வரை காத்திராமல், கைக்கெட்டியதில் தொடங்கிய வேலை சிலவேளை அசைக்க முடியாததாகி நிலைத்துவிடும்.

மணலுக்கு அடுத்தது ஓலை. பனை அடர்ந்த இம்மாவட்டத்தில் ஏட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஓலை கடுமையான ஆசான். நார் ஓடும் திசையில் எழுத்தாணியை அழுத்தி இழுத்தால் ஏடு கிழியும். கோடு அழுத்தமாகவும் மெல்லியதாகவும் மாறி மாறிச் செல்ல வழியில்லை, ஒரே தடிப்புதான். கீறியதை அழிக்கவும் முடியாது. கீறிய பின் விளக்குக்கரியோ இலைச்சாறோ தடவினால்தான் கோடு கண்ணுக்குப் புலப்படும். வரைபவர் தாம் வரைவதைப் பாதிக் குருடாகவே வரைய வேண்டும். ஒடியா நாட்டில் ஓலைச் சித்திரம் பெருங்கலையாக வளர்ந்தது. தமிழகத்தில் ஏடு பெரும்பாலும் சொல்லுக்கே உரியதாயிற்று. எழுதுதல் என்னும் ஒற்றை வினை இரண்டாகப் பிரிந்ததில் ஓலைக்கும் பங்குண்டு என்று கருதுகிறோம்.

சுவர்

சொல் ஏட்டுக்குப் போக, உருவம் சுவருக்குப் போயிற்று. இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசம் அதற்கு இக்கரையின் தலைசிறந்த சான்று. 1710இல் மறைந்த கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்த அம்மண்டபம், 18ஆம் நூற்றாண்டின் முதற்காற்பகுதியில் ஆண்ட முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில் ஓவியங்களால் நிறைந்தது. இன்று மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. இராமாயணமும் பாகவதமும் அங்கே உண்டு. சேதுபதி இராசராசேசுவரி அம்மனிடம் செங்கோல் பெறுகிறார். மதுரை விஜயரங்க சொக்கநாத நாயக்கர் அவருக்கு இரத்தினாபிடேகம் செய்கிறார். தஞ்சை மராத்தியரோடு போர் நடக்கிறது. ஐரோப்பியர் அவைக்கு வருகிறார்கள். மாடியில் அந்தப்புர வாழ்க்கை விரிகிறது. ஓர் அரசர் தம் வாழ்க்கையைத் தம்மைச் சுற்றிலும் எழுதி வைத்துக்கொண்டு வாழ்ந்தார் எனலாம். தன்வரலாறு என்னும் வகை தமிழ் உரைநடையில் தோன்றுவதற்கு முன் அது இங்கே சுவரில் தோன்றிவிட்டது.

ஆனால் சுவர் வரைவேடு அன்று. சுண்ணச்சாந்து பூசி, மெருகிட்டு, காய்ந்த பரப்பில் பிசின் கலந்த வண்ணத்தால் எழுதுவது இம்முறை. முதலில் காவிக்கல்லால் மெல்லிய கோடு, பிறகு வண்ணம், இறுதியில் விளக்குக்கரியால் புறக்கோடு. இதில் தடுமாற்றத்துக்கு இடமில்லை. கைபழகிய பிறகுதான் சுவருக்கு வர முடியும். அப்படியானால் அந்தக் கை எங்கே பழகியது? மணலிலும் பலகையிலும் ஓட்டிலும்தான் பழகியிருக்கும். அவையெல்லாம் அழிந்தன; சுவர் மட்டும் நின்றது. அந்த ஓவியங்கள் இன்றும் மன்னர் பெயரால் அறியப்படுகின்றன; எழுதிய கைகளின் பெயரால் அல்ல.

பொருள்களைப் பற்றியும் ஒரு சொல். மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் தொகுத்த மானசோல்லாசம், வெண்மைக்குச் சங்கையும் சிவப்புக்குக் காவிக்கல்லையும் மஞ்சளுக்கு அரிதாரத்தையும் கருமைக்கு விளக்குக்கரியையும் சொல்கிறது. விளக்குக்கரியைச் சோற்றோடு பிசைந்து உருட்டிச் செய்யும் வரைகுச்சியையும் அது குறிக்கிறது. அரண்மனைக்கு அப்பால் நிற்கும் எளிய பொருள்கள் இவை. சங்கு குளித்தலுக்குப் பெயர்பெற்ற கீழக்கரைக் கரையில் வெண்மைக்குப் பஞ்சமில்லை. சாயல்குடிப் பக்கத்துத் தேரி மணலின் செம்மை இரும்புத் தாதுவின் செம்மை. காவிக்கல்லின் செம்மையும் அதுவே. ஆக, ஓவியனின் வண்ணப்பெட்டியில் பாதி இம்மண்ணிலும் கடலிலும் கிடந்தது.

ஓவியப் பயிற்சி ஏடுகள் அழிந்தாலும், பயிற்சி என்னும் மனநிலை அழியவில்லை என்பதற்குச் சேதுபதிகளின் அவையே சான்று தருகிறது. 17ஆம் நூற்றாண்டில் இரகுநாத சேதுபதியைப் பாட்டுடைத் தலைவராக்கி அமிர்தகவிராயர் 'ஒருதுறைக்கோவை' பாடினார். 'நாணிக்கண்புதைத்தல்' என்ற ஒரே துறைக்கு நானூறு பாடல்கள். தலைவி வெட்கத்தால் கண்ணை மூடுகிறாள், அவ்வளவுதான் நிகழ்ச்சி. அதையே நானூறு கோணத்தில் காண்கிறார் புலவர். இதைச் சொல்விளையாட்டு என்று ஒதுக்கிய விமரிசகர் உண்டு. ஆனால் ஒரே கையை, ஒரே படகை, ஒரே மரத்தைப் பக்கம் பக்கமாக வரைந்து பழகும் ஓவியன் செய்வதும் இதுதானே? ஒருதுறைக்கோவை என்பது சொல்லில் அமைந்த வரைவேடு. புலவரின் பயிற்சி ஏட்டில் ஏறியதால் பிழைத்தது. ஓவியரின் பயிற்சி மணலில் நிகழ்ந்ததால் மறைந்தது.

தாள்

ஐரோப்பியர் தாளோடு வந்தனர். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் இருவர் 1792-93இல் தென்னாட்டில் சுற்றி வரைந்தார்கள். கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெர்குசன் 1830களில் இந்தியாவில் அலைந்தபோது 'கேமரா லூசிடா' என்னும் கருவியைக் கையில் வைத்திருந்தார். ஒரு கம்பியின் நுனியில் சிறு பட்டகம். அதன்வழி நோக்கினால் எதிரே உள்ள காட்சி தாளின்மேல் விழுந்ததுபோல் தோன்றும். பென்சிலால் தொடர்ந்து செல்ல வேண்டியதுதான். 1876இல் வெளியான தமது பெருநூலில் இராமேசுவரத்தை அவர் விரிவாகப் பேசினார். திராவிடப் பாணியின் அழகுகள் அனைத்தும், கூடவே அதன் குறைகளும், ஒருங்கே காணக் கிடைக்கும் கோயில் அது என்பது அவர் கருத்து. பிரகாரங்களின் மொத்த நீளம் ஏறக்குறைய 4000 அடி என்றும் கணக்கிட்டார். அதற்குள் 1867-68இல் எட்மண்ட் லயன் ஒளிப்படக் கருவியோடு தென்னாட்டுக் கோயில்களைப் படமெடுக்கத் தொடங்கியிருந்தார். தூண்வரிசையை வரையும் பொறுமைக்கு இனித் தேவையில்லை என்றாயிற்று.

1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரான காலின் மெக்கன்சி திரட்டிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சித்திரங்களில் பல, அவரிடம் பணியாற்றிய இந்தியர் கை வரைந்தவை. தொகுப்புக்கு மெக்கன்சியின் பெயர் நின்றது. தாள் வந்த பிறகும் நம்மவர் கை பெயரற்றே இருந்தது என்பதுதான் வேதனை. 1850இல் அலெக்சாந்தர் ஹண்டர் சென்னையில் கலைப்பள்ளியைத் தொடங்கிய பிறகே வரைவேடு மாணவரின் சொந்தப் பொருளாயிற்று. அப்பள்ளியின் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையைத் தொடங்கியபோது, அதற்குத் தூண்டுதலாய் அமைந்தது ஒரு மாணவனின் கணக்கு நோட்டு. எழுத்தும் உருவமும் ஒரே பக்கத்தில் கலந்து கிடந்த அந்த நோட்டில், 'எழுதுதல்' என்னும் நம் பழைய வினை மீண்டும் ஒன்றாயிற்று என்று நாம் சொல்வோம்.

வீட்டிலிருக்கும் ஏடு

இவ்வளவு தேடிய பின், தேடிய பொருள் வீட்டு அலமாரியிலேயே இருப்பது தெரிகிறது. அது கோல நோட்டு.

கட்டம் போட்ட தாளோ கோடு போட்ட தாளோ, எதுவானாலும் சரி. '15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை' என்று தலைப்பில் ஒரு குறிப்பு. கீழே புள்ளிகள். அவற்றைச் சுற்றி வளைந்து செல்லும் கம்பி. ஓரிடத்தில் கம்பி மூடாமல் போயிருக்கும். அடித்துவிட்டுப் பக்கத்தில் மறுபடி தொடங்கியிருப்பார்கள். அத்தை சொன்னது, பக்கத்து வீட்டு வாசலில் பார்த்தது, வார இதழிலிருந்து வெட்டி ஒட்டியது, தானே கற்பித்தது என்று எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். யாருக்கும் காட்டுவதற்காக எழுதியதன்று. நாளைக் காலை வாசலில் தடுமாறாமல் இருக்க எழுதியது. வரைவேட்டின் இலக்கணம் இதைவிட வேறென்ன? வாசல் மணலைப்போல நாள்தோறும் அழியும். நோட்டு நினைவில் வைக்கும். மணலின் குறையைத் தாளால் தீர்த்துக்கொண்டவர்கள் நம் பெண்கள்.

அறிவுலகம் இதைக் கண்டுகொள்ளாமல் இருந்ததில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்ந்தவர்களும் 1974இல் கோலத்தின் அமைப்பை முறைசார் இலக்கணங்களோடு இணைத்து ஆய்வுரை வெளியிட்டார்கள். கணிப்பொறி அறிவியல் அதை இன்றும் எடுத்துப் பேசுகிறது. ஆனால் கோலத்தின் இலக்கணத்தை ஆய்ந்த நாம், கோல நோட்டைச் சுவடியாக மதித்துச் சேர்க்கவில்லை. ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த பெரியோர் வாழ்ந்த நாடு இது. பாட்டியின் கோல நோட்டு பழைய தாள் வாங்குபவரின் தராசில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் இதே நாடுதான். அழகன்குளத்து ஓடு ஈராயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்து பிழைத்தது. தாளுக்கு அந்த வாய்ப்பில்லை. இராமபாணப் பூச்சியும் உப்புக் காற்றும் சில பத்தாண்டுகளில் வேலையை முடித்துவிடும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, கல்லூரி நூலகங்கள் தம் வட்டாரக் கோல நோட்டுகளைச் சேகரிக்க வேண்டும். வரைந்தவர் ஒப்புதலோடு, அவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் குறித்துச் சேகரிக்க வேண்டும். பெயரற்ற கைகளின் வரிசை இத்தலைமுறையோடாவது முடியட்டும்.

இரண்டாவது, வாசகர்கள் ஒரு வரைவேடு தொடங்க வேண்டும். அதற்கு விலையுயர்ந்த பொருள் வேண்டியதில்லை. புளியங்குச்சிகளைச் சிறு கலத்தில் அடுக்கி, வாயைக் களிமண்ணால் அடைத்து நெருப்பிலிட்டால் வரைகரி கிடைக்கும். தேரி மண்ணை நீரில் கரைத்துத் தெளியவைத்து, அடியில் தங்கும் நுண்பொடியைப் பிசினில் குழைத்தால் காவி கிடைக்கும். ஈரமான நீர்வண்ணத்தின் மீது கல்லுப்பைத் தூவினால் உப்பு ஈரத்தை உறிஞ்சி விண்மீன் போன்ற தடங்களை விடும். வாலிநோக்கத்து உப்பளத்தை வரைவோர்க்கு அவ்வூர் உப்பே தூரிகையாகும். நெடுநாள் நிற்க வேண்டியதை ஸ்கெட்ச் பேனாவால் வரைய வேண்டாம், அச்சாயம் வெளிறும். விளக்குக்கரியால் ஆன மை வெளிறாது. ஏடுகளுக்கு இடையே வசம்பு வைத்த முன்னோர் வழக்கம் இன்றும் பயன்படும்.

இராமலிங்க விலாசத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போது நாம் கண்ட ஒன்றுண்டு. கைப்பேசியால் படமெடுப்பவர் ஒரு சுவரை ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறார். பென்சில் வைத்திருப்பவர் ஒரே முகத்தின் முன் அரைமணி நிற்கிறார். மீசையின் வளைவை, ஆடையின் கரையை, படத்தின் கீழுள்ள எழுத்தை அப்போதுதான் காண்கிறார். தென்னிந்திய ஓவியங்களையும் சிற்பங்களையும் ஆய்ந்த சி. சிவராமமூர்த்தி தம் நூல்களுக்கான கோட்டோவியங்களைத் தாமே வரைந்தார். அவருக்கு வரைதல் என்பது ஆய்வின் பகுதி. நூலுக்குப் பின்னர் சேர்த்த அணியன்று.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. எஞ்சிய சுவர்களை உப்புக்காற்று ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டிருக்கிறது. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் பணியை 2025இல் புதிய பாலம் ஏற்றுக்கொண்டது. இக்கரையில் எதுவும் நெடுங்காலம் அப்படியே இருப்பதில்லை. அடுத்த முறை அப்பக்கம் செல்லும் அன்பர்கள் ஒரு சிறு ஏட்டையும் ஒரு துண்டுக் கரியையும் எடுத்துச் செல்லுங்கள். கோடு கோணலாக வந்தாலும் கீழே தேதியையும் இடத்தையும் உங்கள் பெயரையும் மறவாமல் எழுதுங்கள்.